துப்ராய் துரையும் எங்கள் கண்ணாடி அலமாரியும்



நம்ம ஊரில் வாழ்ந்த பெரியவர் ஒருவரைப் பற்றி எழுதுங்கள் என்று மலர்க் குழுவினர் கேட்டார்கள். பாரதியாரைப் பற்றியும் பாவேந்தரைப் பற்றியும் எழுத நம்மில் நிறையப் பேர் உண்டு. நான் எடுத்துக்கொண்டது கப்ரியேல் ழுவோ-துப்ராயை. அதற்கு ஒரு சொந்தக் காரணம் இருக்கிறது. கடைசியில் சொல்கிறேன்.

1885-ல் பிறந்த பிரெஞ்சுக்காரர். புதுவைக்கு வாத்தியார் வேலைக்கு வந்தவர், தென்னாட்டுக் கோயில்களிடம் மனதைப் பறிகொடுத்துவிட்டார். கல்வெட்டு இல்லாத கோயிலுக்கு எப்படிக் காலம் சொல்வது? தூணின் தலையில் இருக்கிற போதிகையும் கபோதத்துக் கூடும் தலைமுறைக்குத் தலைமுறை வடிவம் மாறுகின்றன. அந்த மாற்றத்தை வரிசைப்படுத்தினால் காலம் தானாகப் புலப்படும். இதுதான் அவர் காட்டிய வழி. அந்த ஆராய்ச்சி 1914-ல் பாரிசில் இரண்டு தொகுதிகளாக வெளிவந்தது. பிறகு பல்லவர் வரலாற்றில் இறங்கினார். காஞ்சி கைலாசநாதர் கோயிலில் பூச்சுக்கு அடியில் மறைந்து கிடந்த பல்லவ ஓவியங்களை 1931-ல் கண்டறிந்தவரும் அவரே.

நம்ம அரிக்கமேடு சமாசாரம் எல்லோருக்கும் தெரியும். அங்கே மண்ணில் கிடைத்த மணிகளைப் பையன்கள் பொறுக்கிக் கொண்டுவந்தார்கள். அவற்றுக்கு ரோம நாட்டுத் தொடர்பு உண்டென்று 1937-ல் கண்டுகொண்டவர் துப்ராய். அதன்பிறகுதான் 1945-ல் வீலர் வந்து தோண்டினார். துப்ராய் மறைந்ததும் அதே 1945-ல்தான்.

இவ்வளவும் படித்துவிட்டு அவரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் கதை அத்தோடு முடியவில்லை.

பாரிசில் சி.டி.லூ என்று ஒரு சீனர், கலைப்பொருள் வியாபாரத்தில் பெரும்புள்ளி. அவருக்காக இங்கே சிற்பங்களைச் சேகரித்துக் கொடுத்தவர் நம்ம துப்ராய். 1926-ல் காஞ்சிபுரம் பக்கத்தில் பத்தாம் நூற்றாண்டு யோகினிச் சிற்பங்கள் அவர் கைக்கு வந்தன. ஒரே கோயிலுக்காகச் செதுக்கப்பட்ட அக்காள் தங்கைகள் அவர்கள். இன்று ஒருத்தி லண்டனில், ஒருத்தி வாஷிங்டனில், ஒருத்தி டொராண்டோவில் என்று ஆளுக்கொரு திக்கில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் குடியிருந்த கோயில் எது, எங்கே இருந்தது என்று இன்றுவரை திட்டமாகச் சொல்ல முடியவில்லை.

அவரைத் திருடன் என்று சொல்ல நான் வரவில்லை. பழம்பொருள் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1947-லும், இன்றைய கடுமையான சட்டம் 1972-லும் வந்தவை. அந்தச் சிற்பங்கள் அப்போது கேட்பாரற்றுச் சிதறிக் கிடந்தன என்பதும் உண்மை. ஆனாலும் ஒரு கேள்வி உறுத்துகிறது. எந்தச் சிலை அரியது என்று தீர்ப்புச் சொல்கிற அறிஞரும், அதை வியாபாரிக்கு அனுப்புகிறவரும் ஒரே ஆளாக இருந்தால், அந்தத் தீர்ப்பை நாம் எப்படி நம்புவது? அவர் மனசு சுத்தமாகவே இருக்கட்டும். நமக்குச் சந்தேகம் வருகிறதே, அதுவே நஷ்டம்தான். அதனால்தான் அருங்காட்சியகங்களின் உலகக் கழகம் 1986-ல் ஏற்ற ஒழுக்க விதிகளில், அருங்காட்சியகத்தில் பணி செய்கிறவர் பழம்பொருள் வியாபாரத்தில் ஈடுபடக்கூடாது என்று சொல்லியிருக்கிறது. சிலையானாலும், நாணயமானாலும், பல்கலைக்கழக அலமாரியில் இருக்கும் விண்கல்லானாலும் நியாயம் ஒன்றுதான்.

இப்போது என் காரணம். படிப்பு முடித்து ஆசிரியரான பிறகு, துறையின் கண்ணாடி அலமாரி என் பொறுப்பில் இருந்தது. உள்ளே கொஞ்சம் பானை ஓடுகள், மணிகள், பிரெஞ்சிந்தியக் காசுகள். அந்தக் காலத்தில் நானும் பழங்காசு வாங்கி விற்றுக்கொண்டிருந்தேன். ஒருநாள் நண்பர் ஒருவர், இரட்டையாக இருக்கிற காசில் ஒன்றை மாற்றிக்கொள்ளலாமே என்றார். தேய்ந்ததைக் கொடுத்து நல்லதை வாங்கினால் துறைக்கும் லாபம்தானே என்று நானும் சம்மதித்தேன். துறைக்கு நல்ல காசு வந்தது வாஸ்தவம். ஆனால் அலமாரியை விட்டுப் போன காசின் பின்னால் அதைக் கொடுத்த மாணவன் பெயரும் ஊரும் ஒரு சீட்டில் ஒட்டியிருந்ததை வீட்டுக்குப் போன பிறகுதான் நினைத்துப் பார்த்தேன். திரும்பப் போய்க் கேட்டபோது காசு கைமாறியிருந்தது. சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டாராம்.

அன்று முதல் விற்பனையை விட்டேன். என்னிடமிருந்த காசுகளுக்குப் பட்டியல் எழுதித் துறைத்தலைவரிடம் கொடுத்து, சாவியையும் வேறொருவரிடம் ஒப்படைத்தேன்.

தம்பி தங்கைகளே, நாளை உங்களில் யாராவது ஒரு சேகரிப்புக்குக் காவலாகலாம். துப்ராயின் கண் உங்களுக்கு வாய்க்கட்டும். காவலுக்கு நிற்கும்போது மட்டும் கடையைச் சாத்திவிடுங்கள்.