ஊருக்கு வெளியே இடம் வாங்கிப்போட்ட கோடீஸ்வரர்... யார் இந்த ஜான் ஜேக்கப் ஆஸ்டர்?

ஜெர்மனியின் வால்டார்ஃப் ஊரில் 1763-ல் கசாப்புக் கடைக்காரர் மகனாகப் பிறந்தவர் ஆஸ்டர். 1784-ல் விற்பதற்குப் புல்லாங்குழல்களோடு அமெரிக்கா வந்தார்.

ரோமத்தோல் வியாபாரத்தில் காசு சேர்ந்தது. மொத்தத்தையும் சரக்கிலேயே போடுவதா, நிலத்தில் போடுவதா? 1789-ல் நியூயார்க்கின் பவரி பகுதியில் முதல் மனைகளை வாங்கினார்.

பிறகு நகரம் வளர்ந்த திசையைக் கவனித்தார். வடக்கே வயலும் தோட்டமுமாகக் கிடந்த மன்ஹாட்டன் நிலங்களை வாங்கிப்போட்டார். பெரும்பாலும் தானே கட்டாமல் நீண்டகாலக் குத்தகைக்கு விட்டார். குத்தகைதாரர் கட்டடம் கட்டினார், வாடகையும் தந்தார். நிலம் ஆஸ்டர் கையிலேயே இருந்தது.

1848-ல் இறந்தபோது அவர்தான் அமெரிக்காவின் பெரும் பணக்காரர். சொத்து சுமார் 2 கோடி டாலர்!

விலை ஏறும்வரை அவரால் பொறுத்திருக்க முடிந்தது. காரணம், வியாபார வருமானம் தனியாக வந்துகொண்டிருந்தது. முதல் மனை வாங்கப் போறவங்க முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.