மலைகளே ஆலயம்

1867ஆம் ஆண்டு மார்ச் மாதம். அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் வண்டிப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில், இளைஞர் ஒருவர் இயந்திரத்தின் தோல்பட்டையைச் சரிசெய்துகொண்டிருந்தார். கையிலிருந்த அரம் நழுவி, அதன் கூர்முனை வலக்கண்ணில் பாய்ந்தது. சில மணி நேரத்தில் இடக்கண்ணும் ஒளி இழந்தது. வாரக்கணக்கில் இருட்டறையில் கிடந்த அவரை, உடல்வலியினும் மிகுதியாக வருத்தியது ஓர் ஏக்கம்: காட்டுமலர்களை இனிக் காண இயலாதோ? அவரே, தேசியப் பூங்காக்களின் தந்தை எனப் பின்னாளில் போற்றப்பெற்ற ஜான் மியூர்.

ஸ்காட்லாந்தின் டன்பார் என்னும் கடற்கரை ஊரில் 1838ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் மியூர் பிறந்தார். அவருடைய பதினோராம் வயதில் குடும்பம் அமெரிக்காவின் விஸ்கான்சின் பகுதியில் குடியேறியது. தந்தை கடுமையான சமய ஒழுக்கத்தினர். அடிக்கு அஞ்சியே சிறுவர் மியூர் விவிலியத்தின் பெரும்பகுதியை மனப்பாடம் செய்தார். பாறையை உளியால் வெட்டிக் கிணறு தோண்டும் பணியும் அவர்மேல் விழுந்தது. ஏறத்தாழ 80 அடி ஆழத்தில் நச்சுக்காற்றால் மயங்கி, மயிரிழையில் உயிர்தப்பினார். அச்சமே பக்தியாகக் கற்பிக்கப்பெற்ற அவ்வாழ்வில், ஏரிக்கரையும் பறவைகளின் குரலுமே அவருக்கு ஆறுதலாயின.

இருட்டறையிலிருந்து பார்வை மெல்லத் திரும்பியது. மீண்டு பெற்ற கண்களை இயந்திரங்களுக்கு அளிப்பதில்லை என மியூர் முடிவு செய்தார். அவ்வாண்டு செப்டம்பரில், செடிகளைப் பதப்படுத்தும் அழுத்துபலகையும் சில நூல்களும் சுமந்து, கென்டக்கியிலிருந்து புளோரிடா வரை ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் நடந்தார். வழியின் முடிவில் மலேரியாக் காய்ச்சல் அவரை வீழ்த்தியது. தேறியபின், 1868இல் கலிபோர்னியாவை அடைந்தார். சியரா நெவாடா மலைகளும் யோசெமிட்டிப் பள்ளத்தாக்கும் அவருடைய வாழ்வின் திசையை மாற்றின.

1869ஆம் ஆண்டுக் கோடையில் ஆட்டுமந்தையுடன் மலையேறிய மியூர், அங்குத் தம் இறைவனைப் புதிதாகக் கண்டார். தந்தை காட்டிய இறைவன் தண்டிப்பவர். மலையில் அவர் உணர்ந்த இறைவனோ அருவியிலும் பாறையிலும் சிறு மலரிலும் அழகாய் வெளிப்படுபவர். விவிலியத்தை அவர் கைவிடவில்லை. அதனருகே இயற்கையையும் மற்றொரு திருநூலாக வைத்துப் படித்தார். அப்பயிற்சி வெறும் பரவசமாக நின்றுவிடவில்லை. பாறைகளின் தேய்வுகளைக் கூர்ந்து ஆராய்ந்து, யோசெமிட்டியைச் செதுக்கியதில் பனியாறுகளுக்குப் பெரும்பங்கு உண்டென எடுத்துரைத்தார். முதலில் ஏளனத்துக்கு உள்ளான அக்கருத்து பின்னர் ஏற்கப்பெற்றது.

எழுதுவது மியூருக்கு எளிதாக வாய்க்கவில்லை. மலையில் பொங்கிய உணர்வு மேசையில் சொற்களாக மறுத்தது. 1880இல் திருமணம் செய்து, பழத்தோட்டத்தை நடத்திய ஆண்டுகளில் எழுத்து குறைந்தது, உடல்நலமும் குன்றியது. அவருடைய நோயையும் மருந்தையும் அறிந்தவர் மனைவி லூயி. தோட்டப்பணிக்காகக் கணவர் தம் ஆற்றலை இழத்தலாகாது என 1888இல் அவருக்குக் கடிதம் எழுதினார். மியூர் மலைகளுக்குத் திரும்பினார். உடலும் எழுத்தும் ஒருங்கே உயிர்பெற்றன.

அவ்வெழுத்துகள் ஒரு நாட்டின் மனத்தை அசைத்தன. 1890இல் யோசெமிட்டி தேசியப் பூங்கா உருவானது. 1892இல் சியரா மன்றம் தொடங்கப்பெற்றது. இறுதிவரை அதன் தலைவராக மியூர் விளங்கினார். 1903இல் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் அவருடன் மூன்று இரவுகள் திறந்தவெளியில் தங்கினார்.

எனினும், எல்லாப் போராட்டமும் வெற்றியில் முடியவில்லை. சான் பிரான்சிஸ்கோ நகரின் நீர்த்தேவைக்காக ஹெட்ச் ஹெட்சிப் பள்ளத்தாக்கில் அணை கட்ட 1913இல் சட்டம் இசைவளித்தது. பல்லாண்டு போராடிய முதியவரின் நெஞ்சு தளர்ந்தது. மறு ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள் அவர் மறைந்தார்.

தம்மை நலப்படுத்திய காட்டுக்கு மியூர் செலுத்திய நன்றிக்கடனே அவருடைய எழுத்து. மரத்தடி நிழலில் மனச்சுமை இறக்கியவர் நம்முள் பலர். அம்மரத்துக்காகப் பேச வேண்டிய நாள் வரும்போது, நம் நா எழ வேண்டும்.