சார்லஸ் மேசன் என்னும் ஜேம்ஸ் லூயிஸ்

ஹரப்பாவை முதன்முதலில் கண்டு எழுதிய ஐரோப்பியர் யார் என்று வரலாற்று மாணவர் எவரைக் கேட்டாலும், சார்லஸ் மேசன் என்ற விடை உடனே வரும். ஆண்டு எது என்று கேட்டால், பெரும்பாலோர் 1826 என்பர். அந்த ஆண்டும் சரியன்று; அந்தப் பெயரும் அவருக்குப் பெற்றோர் இட்ட பெயரன்று. ஒரு மனிதர் தம் பெயரையும் நாட்டையும் மறைத்து வாழ்ந்ததும், அம்மறைவைப் படைப்பதிவேடு ஒன்று வெளிப்படுத்தியதும், அதனால் நம் பாடநூலின் ஓர் ஆண்டே தடுமாறியதும் சுவையான வரலாறு.

1830-ஆம் ஆண்டு பாரசீக வளைகுடாவின் கரையிலுள்ள புஷயர் துறைமுகத்தில் கந்தலாடை அணிந்த பயணி ஒருவர் வந்து இறங்கினார். தாம் அமெரிக்க நாட்டின் கென்டக்கி மாநிலத்தைச் சேர்ந்தவர் என்றும், ஐரோப்பா, உருசியா, பாரசீகம் வழியாகப் பத்தாண்டுகளாகப் பயணம் செய்து வருபவர் என்றும் அங்கிருந்த ஆங்கில அதிகாரிகளிடம் கூறினார். அவர்களும் நம்பினர். அவருடைய பயணக் குறிப்புகளைப் பெற்று அரசுக்கு அனுப்பினர். பஞ்சாபையும் ஆப்கானிஸ்தானையும் நடந்தே கண்டவர் அக்காலத்தில் மிகச் சிலர். ஆகவே அக்குறிப்புகளுக்கு மதிப்பு மிகுதி. சில ஆண்டுகள் கழித்துக் கல்கத்தாவின் ஆசியக் கழகத்தாரும் அவரை அமெரிக்கராகவே கருதினர்.

இனிப் பதிவேடுகளைப் புரட்டுவோம். கிழக்கிந்தியக் கம்பெனி வாணிகக் கூட்டமாகத் தொடங்கியது. எழுதிவைக்கும் பழக்கத்தை அது ஒருநாளும் கைவிட்டதில்லை. தன் படைவீரன் ஒவ்வொருவனும் எப்போது சேர்ந்தான், எப்படை, எந்த ஊர், இறந்தானா ஓடினானா என்பதையெல்லாம் ஆண்டுதோறும் பெயர்ப்பட்டியலாக எழுதி இலண்டனுக்கு அனுப்பியது. அப்பட்டியலில் ஜேம்ஸ் லூயிஸ் என்று ஒரு பெயர் உண்டு. அவர் 1800-ஆம் ஆண்டு பிப்ரவரி 16-இல் இலண்டனில் பிறந்தவர். 1821 அக்டோபரில் கம்பெனிப் படையில் சேர்ந்து, 1822 சனவரியில் வங்காளத்துக்குக் கப்பலேறினார். வங்காளப் பீரங்கிப் படையில் பணி. தந்தையுடன் ஏற்பட்ட மனத்தாங்கலே அவரைப் படைக்குத் துரத்தியது என்பர். இலத்தீனும் கிரேக்கமும் ஓரளவு கற்றவர், கல்வியறிவில்லாத சிப்பாய்களிடையே குடியிருக்க நேர்ந்தது. தளபதி ஹார்டுவிக் என்பவர் உயிரினங்களைச் சேகரித்து வந்தார்; அவற்றை வகைப்படுத்தும் வேலையை இவருக்குக் கொடுத்தார். சிப்பாய்க்கு அது அரிய வாய்ப்பு. ஹார்டுவிக் 1823-இல் தாயகம் திரும்பியதும் அந்த நிழலும் போயிற்று. 1826 சனவரியில் பரத்பூர்க் கோட்டை வீழ்ந்த போரில் லூயிசும் இருந்தார். 1827 சூலை 4-ஆம் நாள் ஆக்ராவிலிருந்து ரிச்சர்டு பாட்டர் என்னும் தோழருடன் படையை விட்டு ஓடினார். பதிவேட்டில் அவர் கதை அத்துடன் முடிகிறது.

ஓடியவன் அகப்பட்டால் மரணதண்டனையும் கிடைக்கலாம். ஆகவே கம்பெனியின் எல்லைக்கு அப்பால் போவதே வழி. இருவரும் இராசபுதனப் பாலைவனத்தைக் கடந்து பகவல்பூர் நாட்டை அடைந்தனர். லூயிஸ் மேசனானார், பாட்டரும் வேறு பெயர் சூடிக்கொண்டார்.

அங்கே விதி ஒரு வேடிக்கை செய்தது. ஜோசையா ஹார்லன் என்பவர் ஆப்கானிய மன்னர் ஷா சுஜாவின் பொருட்டு ஒரு சிறு படை திரட்டிக்கொண்டு அவ்வழியே வந்தார். அவர் பென்சில்வேனியாவில் பிறந்த உண்மையான அமெரிக்கர்! கம்பெனியிடம் மருத்துவராக இருந்தவர் ஆதலால் கம்பெனிச் சிப்பாயின் நடையும் நிலையும் அவருக்கு நன்கு தெரியும். உண்மை அமெரிக்கர் முன் போலி அமெரிக்கர் எத்தனை நாள் நிற்க முடியும்? இவர்கள் ஓடிவந்த பீரங்கி வீரர்கள் என்பதை ஹார்லன் கண்டுகொண்டார். சிறிது காலம் அவருடன் சென்ற மேசன் பின்னர் தனியே பிரிந்துவிட்டார். ஹார்லன் அறிந்த இரகசியம் மட்டும் அவரைப் பின்தொடர்ந்தது.

அடுத்த சில ஆண்டுகள் அவர் பட்ட துன்பம் கொஞ்சமன்று. கைபர் கணவாய் வழியே காபூல், கசனி, காந்தகார் என்று நடந்தார். கள்வர் உடையையும் பறித்துக்கொண்டனர். பனியில் விறைத்துச் சாகும் நிலையில் வழிப்போக்கர் இரங்கித் தந்த ஆட்டுத்தோல் உயிர் காத்தது. 1829-இல் பஞ்சாபில் திரியும்போதுதான் ஹரப்பாவின் மேடுகளைக் கண்டார். செங்கற் குவியலைப் பார்த்த அவருக்கு அலெக்சாந்தர் முற்றுகையிட்ட சங்கலா நகரம் நினைவுக்கு வந்தது. அவருடைய ஊகம் தவறு. அவர் குறித்துவைத்த இடம் மட்டும் தவறவில்லை. 1924-இல் சர் ஜான் மார்ஷல் சிந்துவெளி நாகரிகத்தை உலகுக்கு அறிவிக்கும்வரை அம்மேட்டின் பெருமை எவருக்கும் விளங்கவில்லை.

1826 எங்கிருந்து வந்தது? 1842-இல் மேசன் தம் பயண நூலை வெளியிட்டார். அதில் 1826-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் பகவல்பூர் நாட்டுக்குள் நுழைந்ததாகத் தொடங்குகிறார். அதன்பின் ஆண்டுகளைத் தெளிவாகச் சொல்வதில்லை. நூலை நம்பியவர்கள் ஹரப்பாவையும் அதே ஆண்டில் சேர்த்துவிட்டனர். ஆனால் 1827 சூலைவரை அவர் சீருடையில் இருந்ததைப் பதிவேடு காட்டுகிறது. ஹார்லனும் 1827-இன் பிற்பகுதியில்தான் லூதியானாவை விட்டே புறப்பட்டார். ஓடிய ஆண்டை மறைக்க ஓராண்டு முன்தள்ளிச் சொன்னார் மேசன் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஒருவர் தம்மைக் காத்துக்கொள்ளச் சொன்ன சிறு பொய், நூறாண்டுக்கு மேலாக வினாத்தாள்களில் மதிப்பெண் பெற்று வருகிறது!

1832-இல் மேசன் காபூலில் குடியேறினார். அடுத்த ஆண்டே அகழ்வுப்பணி தொடங்கிற்று. கச்சில் கம்பெனியின் பிரதிநிதியாக இருந்த ஹென்றி பாட்டிஞ்சர் பம்பாய் அரசிடம் பணவுதவி பெற்றுத் தந்தார். கிடைப்பவை கம்பெனிக்கு உரியவை என்பது உடன்பாடு. காபூல், ஜலாலாபாத் பகுதிகளில் ஐம்பதுக்கும் மேற்பட்ட பௌத்தத் தலங்களை ஆராய்ந்தார். பீமரான் தூபியில் கிடைத்த பொற்பேழை இன்று இலண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது. புத்தரின் உருவம் பொறித்த மிகப் பழைய பொருள்களுள் அது ஒன்று. பெக்ராம் சமவெளியிலோ நாணயங்கள் நெல்மணிபோல் சிதறிக் கிடந்தன. முதல் ஆண்டில் மட்டும் 1,865 செப்புக் காசுகள் சேர்ந்தன.

அக்காசுகளில்தான் மேசனின் கூர்மை தெரிகிறது. ஒரு பக்கம் கிரேக்கம், மறு பக்கம் எவரும் படிக்கவியலாத எழுத்து. மினாந்தர், அப்பலோதோதஸ் முதலிய மன்னர் பெயர்களும், அரசன், காப்பவன் என்னும் பட்டங்களும் கிரேக்கத்தில் வரும் காசுகளிலெல்லாம் மறுபக்கத்தில் ஒரே எழுத்துக் கூட்டம் திரும்பத் திரும்ப வருவதை அவர் கண்டார். அப்பட்டியலைக் கல்கத்தாவில் ஜேம்ஸ் பிரின்செப்புக்குத் தெரிவித்தார். கரோஷ்டி எழுத்தின் பூட்டுத் திறக்க அது உதவிற்று. பிரின்செப்பும் அதை மறைக்காமல் அச்சில் ஒப்புக்கொண்டார்.

இவ்வாறு புகழ் பரவியதே ஆபத்தாயிற்று. லூதியானாவில் கம்பெனியின் அரசியல் அதிகாரியாக இருந்த கிளாட் வேட் இந்த அமெரிக்கரைப் பற்றி விசாரித்தார். ஹார்லனின் செய்தி அவர் காதுக்கு எட்டியது. மேசன் ஓடிப்போன லூயிசே என்று 1834-இல் மேலிடத்துக்கு எழுதினார். அவரைப் பிடித்துவரச் சொல்லவில்லை. மன்னிப்பளித்து, காபூலிலிருந்து செய்தி எழுதும் பணியில் அமர்த்தலாம் என்பதே ஏற்பாடு. 1835-இல் அரசர் நான்காம் வில்லியத்தின் மன்னிப்பு வந்தது. உயிர் மீண்டது, உரிமை போயிற்று. மறுக்கவியலாத வேலையை ஏற்றுக்கொண்டு ஒற்றராக மாறினார். இம்மன்னிப்பைக் கருணை என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. கழுத்துக் கயிற்றை அவிழ்த்துக் காலில் கட்டினார்கள், அவ்வளவே.

1838-இல் காபூலை விட்டு வெளியேறி வேலையையும் துறந்தார். ஆப்கானியப் போரைத் தொடங்கிய கொள்கையை அவர் வன்மையாகக் கண்டித்தார். அதற்குப் பரிசும் கிடைத்தது. 1840-இல் கலாத் நகருக்குச் சென்றபோது அங்கே கலகம் மூண்டது. லவ்டே என்னும் ஆங்கில அதிகாரியுடன் இவரும் கைதியானார். கலகக்காரர் தூது சொல்ல இவரைக் குவெட்டாவுக்கு அனுப்பினர். அங்கிருந்த ஆங்கில அதிகாரியோ இவரை ஒற்றர் என்று ஐயுற்றுக் காவலில் வைத்தார்! உண்மையில் ஓடிப்போனபோது தப்பியவர், குற்றமற்ற நாளில் சொந்த நாட்டாரிடம் சிறைப்பட்டார். 1841 சனவரியில்தான் விடுதலை. அவ்வழக்குக்கு ஈடாக எதுவும் அவர் பெறவில்லை.

1842-இல் இலண்டன் திரும்பினார். நூலின் முகப்பில் சார்லஸ் மேசன் என்றே அச்சிட்டார். 1844-இல் மணம் புரிந்தார். 1853 நவம்பர் 5-இல் இறந்தார். தாம் யார் என்று அவர் எந்நூலிலும் எழுதவில்லை. 1929-இல் லாகூரில் வெளியான, கிரே எழுதி காரெட் பதிப்பித்த ஐரோப்பியச் சாகசக்காரர் பற்றிய நூல் பஞ்சாப் ஆவணங்களிலிருந்து பல செய்திகளை வெளிக்கொணர்ந்தது. விட்டரிட்ஜ் என்பார் 1986-இல் முழு வாழ்க்கை வரலாறு எழுதினார்.

மேசனின் கையெழுத்துத் தாள்களைக் கம்பெனி விலைக்கு வாங்கியது. நாணயங்களோ பல இடங்களுக்குச் சிதறின; எது எங்கே கிடைத்தது என்ற விவரமும் பிரிந்து போயிற்று. 1990-களில் எலிசபெத் எரிங்டன் என்னும் அறிஞர் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் அமர்ந்து, அத்தாள்களிலுள்ள படங்களையும் பட்டியல்களையும் காசுகளோடு ஒவ்வொன்றாகப் பொருத்தத் தொடங்கினார். அப்பணியின் பயனாக 2017-இல் தூபிகள் பற்றியும், 2021-இல் பெக்ராம் காசுகள் பற்றியும் நூல்கள் வெளிவந்தன.