9 கஜப் புடவையோடு பிலடெல்பியா குளிரில்: மருத்துவம் படிக்கக் கப்பலேறிய ஆனந்திபாய் ஜோஷியின் கதை

வெளிநாட்டில் மருத்துவ சீட் கிடைத்துவிட்டது. விசா வந்தாச்சு, டிக்கெட் போட்டாச்சு. அடுத்து வீட்டில் தொடங்குவது பெட்டி பஞ்சாயத்து. ஸ்வெட்டர் இரண்டா மூன்றா, ஜாக்கெட்டை இங்கேயே வாங்கலாமா அங்கே போய் வாங்கலாமா, ஒரு பட்டுப்புடவையாவது எடுத்துக்கோ என்று அம்மா, எடை தாண்டிடும் என்று அப்பா. சீனியர்களின் வாட்ஸ்அப் குழுவில் கேட்டால் பத்து நிமிடத்தில் பட்டியலே வந்துவிடும்.

1883-ல் கல்கத்தா துறைமுகத்தில் கப்பலேறிய 18 வயதுப் பெண்ணுக்கு அப்படிக் கேட்க ஒரு சீனியர்கூட கிடையாது. அவருக்கு முன்னால் இந்தியாவிலிருந்து எந்தப் பெண்ணும் அமெரிக்காவுக்கு மருத்துவம் படிக்கப் போனதில்லை. அவர் பெயர் ஆனந்திபாய் ஜோஷி. மேற்கத்திய மருத்துவத்தில் பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண்களில் ஒருவர். 2018-ல் கூகுள் டூடுளில் இவரைப் பார்த்திருப்பீர்கள். 2019-ல் மராத்தியில் படமும் வந்தது. ஆனால் என்ன உடுத்துவது என்ற கேள்வி அவருக்கு எவ்வளவு பெரிய சிக்கலாக இருந்தது என்பது அதிகம் பேசப்படாத விஷயம்.

யார் இந்த ஆனந்திபாய்?

1865 மார்ச் 31-ல் மராத்தி பிராமணக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் யமுனா. 9 வயதில் கல்யாணம். மாப்பிள்ளை கோபால்ராவ் ஜோஷி, தபால் துறை ஊழியர், மனைவியை இழந்தவர், ஏறக்குறைய 20 வயது மூத்தவர். ஆனந்தி என்ற பெயரை வைத்தவர் அவர்தான்.

கோபால்ராவ் விசித்திரமான மனிதர். பெண்டாட்டி சமையலறையில் நின்றால் பிடிக்காது, புத்தகத்தோடு உட்கார வேண்டும். அந்தக் காலத்தில் இது பெரிய புரட்சிதான். ஆனால் அதே மனிதர் கை நீட்டவும் செய்தார். பத்து வயதில் விறகுக் கட்டையால் அடிபட்டதையும், பன்னிரண்டு வயதில் நாற்காலியும் புத்தகமும் தன்மேல் பறந்து வந்ததையும் பிற்காலத்தில் அமெரிக்காவிலிருந்து ஆனந்தி அவருக்கே கடிதத்தில் எழுதியிருக்கிறார். மனைவியைப் படிக்க வைத்த மகான் என்று மட்டும் கோபால்ராவை எழுதிவிட்டுப் போனால் அது பாதிக் கதை.

14 வயதில் ஆனந்திக்கு ஆண் குழந்தை பிறந்தது. பத்து நாளில் இறந்துவிட்டது. சரியான மருத்துவ உதவி இல்லை. ஆண் டாக்டரிடம் பெண்கள் உடம்பைக் காட்டமாட்டார்கள், பெண் டாக்டர் என்றால் யார் இருக்கிறார்கள்? டாக்டர் ஆக வேண்டும் என்ற எண்ணம் அங்கேதான் விழுந்தது.

மெட்ராஸில் படித்திருக்கலாமே?

நியாயமான கேள்வி. மெட்ராஸ் மருத்துவக் கல்லூரி 1875-லேயே பெண்களைச் சேர்த்துக்கொண்டது. மேரி ஷார்லீப் அங்கே படித்தவர்தான். ஆனந்தியிடமும் ஊரார் இதைக் கேட்டார்கள். 1883 பிப்ரவரியில் செராம்பூர் கல்லூரி மண்டபத்தில் அவர் ஒரு உரை நிகழ்த்தினார். ஏன் அமெரிக்கா, இந்தியாவில் வழியே இல்லையா, ஏன் தனியாகப் போகிறாய், திரும்பி வந்தால் சாதியை விட்டுத் தள்ளிவைக்க மாட்டார்களா என்று வரிசையாக ஆறு கேள்விகளை எடுத்துக்கொண்டு பதில் சொன்னார். மெட்ராஸ் கல்லூரியையும் குறிப்பிட்டார். அங்கே கிடைக்கும் படிப்பு போதாது என்பது அவர் கருத்து. கிறிஸ்தவராகவோ பிரம்ம சமாஜத்தவராகவோ இல்லாத ஒரு இந்துப் பெண் இங்கே வெளியே போய்ப் படிப்பது எவ்வளவு கஷ்டம் என்றும் சொன்னார். அவர் பட்ட அனுபவம் அது. பம்பாயில் புத்தகத்தைக் கையில் பிடித்துப் பள்ளிக்கு நடந்தால் சன்னல் வழியே தலைகள் எட்டிப் பார்க்கும், தெருவில் கேலி பறக்கும்.

அதே மேடையில் ஒரு வாக்குறுதியும் கொடுத்தார். இந்துவாகவே போகிறேன், இந்துவாகவே திரும்புவேன்.

இந்த வாக்குறுதி எதற்கு என்று புரிய, கொஞ்சம் பின்னால் போகணும். 1880-ல் கோபால்ராவ் ராயல் வைல்டர் என்ற அமெரிக்க மிஷனரிக்கு உதவி கேட்டு எழுதினார். மதம் மாறினால் உதவலாம் என்கிற தொனியில் பதில் வந்தது. கணவன் மனைவி இருவருமே மறுத்துவிட்டார்கள். ஆனால் வைல்டர் அந்தக் கடிதத்தைத் தன் பத்திரிகையில் அச்சிட்டார். நியூ ஜெர்சியில் ரோசெல் என்ற ஊரில் வசித்த தியடீசியா கார்பென்டர் என்ற பெண்மணி, பல் டாக்டரிடம் காத்திருந்த நேரத்தில் அதைத் தற்செயலாகப் படித்தார். ஆனந்திக்கு எழுதினார். முன்பின் பார்க்காத இருவரும் சித்தியும் மகளும் போல ஆகிவிட்டார்கள்.

அன்றைய சமூகத்தின் கண்ணில் கவுன் போட்ட இந்துப் பெண் என்றால் மதம் மாறியவள் என்றுதான் அர்த்தம். ஆக ஆனந்தியின் பெட்டியில் இருந்த புடவை அவர் கொடுத்த வாக்குக்கு சாட்சி. தனக்குப் பின்னால் வரப்போகும் பெண்களுக்கு வீட்டில் அனுமதி கிடைக்குமா என்பதும் அந்தப் புடவையைப் பொறுத்துத்தான் இருந்தது.

நகைகளை விற்ற பணமும் நன்கொடைகளும் சேர்ந்து பயணச் செலவு தேறியது. 1883 ஏப்ரலில் கப்பல் கிளம்பியது. துணைக்குக் கணவர் இல்லை. உடன் வந்தவர்கள் மிஷனரிப் பெண்கள். சைவம் மட்டுமே சாப்பிடுபவருக்குக் கப்பல் சாப்பாடு எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஜூன் 4-ல் நியூயார்க்கில் இறங்கினார். கார்பென்டர் அம்மையார் வந்து அழைத்துப் போனார்.

9 கஜத்தில் என்ன பிரச்சினை?

அமெரிக்காவில் ஜூன் என்றால் கோடைக்காலம். ரோசெலில் கார்பென்டர் வீட்டில் அந்த மாதங்கள் நன்றாகவே போயின. புடவையில் எந்தத் தொந்தரவும் இல்லை. இன்றைக்கும் செப்டம்பரில் போய் இறங்கும் நம்ம பசங்க, இவ்வளவுதானா குளிர் என்று முதல் மாதம் வீட்டுக்கு போன் செய்வார்கள். டிசம்பரில் குரல் மாறும்.

அக்டோபரில் பிலடெல்பியாவில் பென்சில்வேனியா மகளிர் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1850-ல் தொடங்கிய கல்லூரி அது. பெண்களை டாக்டர் ஆக்குவதற்கென்றே உலகில் தோன்றிய முதல் கல்லூரிகளில் ஒன்று. ஆனந்தியிடம் முறையான பள்ளிச் சான்றிதழ்கள் இல்லை. ஏன் டாக்டர் ஆக வேண்டும் என்று அவர் எழுதிய கடிதம்தான் இருந்தது. டீன் ரேச்சல் பாட்லி அவரைச் சேர்த்துக்கொண்டதோடு, மூன்று வருடத்துக்கு 600 டாலர் உதவித்தொகைக்கும் ஏற்பாடானது.

பிறகு குளிர்காலம் வந்தது.

மராத்திப் பெண்கள் கட்டும் 9 கஜப் புடவையை நம்ம ஊர் மடிசாரோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். இரண்டும் ஒரே மாதிரி இல்லை, ஆனால் அடிப்படை ஒன்றுதான். துணியைக் கால்களுக்கு நடுவே கொண்டுபோய்ப் பின்னால் செருகிவிடுவார்கள். நடக்க, குனிய, ஓட எல்லாம் வசதி. உள்பாவாடை கிடையாது, கட்டவும் முடியாது. முழங்காலுக்குக் கீழே கெண்டைக்கால் பக்கம் திறந்தே இருக்கும். கல்யாண், பூனா வெயிலுக்கு அது கச்சிதம். ஜனவரியில் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே போகும் பிலடெல்பியாவில்? கணுக்காலில் இருந்து குளிர் ஏறும். பருத்தியும் பட்டும் எத்தனை கஜம் இருந்தாலும் கம்பளி ஆகாது.

அறையிலும் நிம்மதி இல்லை. அவருக்குக் கிடைத்த அறையில் கணப்பு சரியாக வேலை செய்யவில்லை. மூட்டினால் அறை முழுக்கப் புகை, அணைத்தால் குளிர். இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம். சாப்பாட்டுக்கும் சைவம் மட்டுமே என்பதால் தானே ஏதாவது சமைத்துக்கொள்ள வேண்டும். கல்லூரியில் பாடம், உடற்கூறியல் கூடம். அறுவை சிகிச்சையில் ரப்பர் கையுறை பழக்கத்துக்கு வருவதற்கே இன்னும் சில வருடங்கள் இருந்தன. வெள்ளைக் கோட்டும் அப்போது பரவவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பிணத்தின் முன் குனிந்து நின்றிருப்பார் என்று ஊகிக்கலாம்.

கவுன் போட்டிருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்திருக்கும். கம்பளிக் காலுறை, அடுக்கடுக்கான பாவாடை, மேலே கோட்டு என்று கூடப் படித்த பெண்கள் அப்படித்தான் சமாளித்தார்கள். ஆனால் செராம்பூரில் கொடுத்த வார்த்தை இருக்கிறதே!

ஆனந்தி கண்டுபிடித்த வழி எனக்கு ரொம்பப் பிடித்தது. புடவையை விடவில்லை, கட்டும் விதத்தை மாற்றினார். குஜராத்திப் பெண்கள் கட்டும் பாணிக்குப் போனார். அதற்கு இவ்வளவு நீளத் துணி தேவையில்லை. கணுக்கால் வரை மறையும். முக்கியமாக, உள்ளே பாவாடை கட்டலாம், அதாவது கம்பளியை உள்ளே ஒளித்துக்கொள்ளலாம். வெளியே இருந்து பார்த்தால் இந்துப் பெண், புடவைதான். உள்ளே அமெரிக்கக் குளிருக்கான தற்காப்பு. இன்று மருத்துவ மாணவர்களுக்குச் சீனியர்கள் சொல்கிற தெர்மல் உள்ளாடை யோசனையும் இதேதானே?

இதைக்கூட அவர் சும்மா செய்துவிடவில்லை. ஊரில் இருக்கும் கணவருக்குக் காரணத்தை விளக்கிக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. உலகத்தின் மறுபக்கத்தில், உறையும் குளிரில், உடற்கூறியல் படித்துக்கொண்டிருக்கும் ஒரு பெண், புடவை மடிப்புக்கு விளக்கம் தருகிறார். இந்தக் காட்சியைக் கடந்து போக முடியவில்லை.

அந்த ஒரு போட்டோ

1885 அக்டோபர் 10-ல் எடுத்த ஒரு கறுப்பு வெள்ளைப் படம் அவ்வப்போது சமூக வலைதளங்களில் சுற்றும். மூன்று பெண்கள். ஆனந்தி புடவையில், ஜப்பானின் கெய் ஒகாமி கிமோனோவில், ஒட்டோமான் சிரியாவிலிருந்து வந்த சபாத் இஸ்லாம்பூலி தன் ஊர் உடையில். மூவருமே அதே கல்லூரி மாணவிகள். கல்லூரி வரவேற்பு ஒன்றில் எடுத்த படம் அது. பின்னாளில் ஒகாமி 1889-லும் இஸ்லாம்பூலி 1890-லும் பட்டம் பெற்றார்கள். பார்க்க அழகான படம், சந்தேகமில்லை. ஆனால் மூவரும் தினமும் வகுப்புக்கு இப்படித்தான் போனார்கள் என்று நினைக்க வேண்டாம். விசேஷத்துக்கு உடுத்துவது வேறு, ஆய்வுக்கூடத்துக்கு உடுத்துவது வேறு.

1886 மார்ச் 11-ல் ஆனந்தி பட்டம் பெற்றார். இந்துக்களிடையே மகப்பேறு மருத்துவம் எப்படி இருந்தது என்பது அவருடைய ஆய்வுக் கட்டுரை. விழாவுக்குக் கோபால்ராவ் வந்திருந்தார், பண்டித ரமாபாயும் வந்திருந்தார். விக்டோரியா மகாராணியிடமிருந்து வாழ்த்து வந்தது. கோலாப்பூர் சமஸ்தானம் ஆல்பர்ட் எட்வர்ட் மருத்துவமனையில் பெண்கள் பிரிவுக்குப் பொறுப்பு மருத்துவர் வேலை கொடுத்தது. வயது 21 ஆகவில்லை, யோசித்துப் பாருங்கள்.

புடவைதான் உயிரைப் பறித்ததா?

அந்த வேலையில் அவர் சேரவே இல்லை. அமெரிக்காவில் காசநோய் வந்தது. 1886 கடைசியில் ஊர் திரும்பியபோது உடம்பு மிகவும் மோசமாகியிருந்தது. 1887 பிப்ரவரி 26-ல் பூனாவில் இறந்தார். 22-வது பிறந்தநாளுக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது.

பிடிவாதமாகப் புடவை கட்டியதால்தான் செத்துப்போனார் என்று சிலர் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அது சரியில்லை. காசநோய் ஒரு பாக்டீரியாவால் வருகிறது. ஆனந்தி கப்பலேறுவதற்கு ஒரு வருடம் முன்பு, 1882-ல்தான் ராபர்ட் கோக் அதைக் கண்டறிந்து அறிவித்திருந்தார். குணப்படுத்தும் மருந்து வர இன்னும் அறுபது வருடத்துக்கு மேல் ஆகும். கவுன் போட்ட அமெரிக்கர்களும் அந்த நோயில் ஆயிரக்கணக்கில் இறந்துகொண்டிருந்த காலம். போதாக்குறைக்கு, கல்கத்தாவில் இருந்தபோதே ஆனந்திக்குத் தலைவலி, அடிக்கடி காய்ச்சல், மூச்சுத் திணறல் எல்லாம் இருந்தன. கார்பென்டர் அமெரிக்காவிலிருந்து மருந்து அனுப்பியும் பலன் இல்லை. ஏற்கெனவே பலவீனமான உடம்பு. அதன் மேல் குளிர், புகை, அரைகுறைச் சாப்பாடு, தூக்கமில்லாத படிப்பு. இவையெல்லாம் சேர்ந்து நோய்க்கு இடம் கொடுத்திருக்கலாம். அதில் உடைக்கு எவ்வளவு பங்கு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

தன் பங்குக்கு அவர் வார்த்தை தவறவில்லை. இந்துவாகவே போனார், இந்துவாகவே திரும்பினார், புடவையோடுதான். கடல் தாண்டியவளை ஊர் தள்ளிவைக்கும் என்று பயந்தார்களே, பூனா அவரைக் கொண்டாடித்தான் வரவேற்றது.

அவருடைய அஸ்தியைத் தியடீசியா கார்பென்டருக்கு அனுப்பிவைத்தார்கள். நியூயார்க் மாநிலத்தில் பொகிப்ஸி ஊரில் உள்ள தங்கள் குடும்பக் கல்லறையில் அவர் அதை அடக்கம் செய்தார். மேலே ஆனந்திபாய் ஜோஷி, எம்.டி. என்று பொறித்த கல் இருக்கிறது.