கணிதசாரசங்கிரகம் தந்த மகாவீராசாரியர்

மகாவீரர் என்றவுடன் சமணர் நெஞ்சில் எழுவது இருபத்து நான்காம் தீர்த்தங்கரரின் திருவுருவமேயாகும். அப்பெருமான் வீடுபேறு அடைந்து ஏறத்தாழ 1,400 ஆண்டுகள் கழிந்தபின், அவர் திருப்பெயரையே தாங்கிக் கணிதத்தை வளர்த்தவர் மகாவீராசாரியர். பள்ளிப் பிள்ளைகள் இன்று பயிலும் முக்கோணம், நாற்கரம், வட்டம் ஆகியவற்றை வகைப்படுத்திப் பெயரிட்டு விதி வகுத்த முன்னோருள் அவருக்குத் தனி இடம் உண்டு.

அவர் வாழ்ந்த காலம் கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டு. இராட்டிரகூட மன்னர் நிருபதுங்க அமோகவர்ஷர், இன்று கர்நாடகத்தில் மால்கேட் என வழங்கும் மானியகேடத்தைத் தலைநகராகக் கொண்டு, 814 முதல் அறுபது ஆண்டுகளுக்கு மேல் அரசாண்டார். அம்மன்னரின் ஆசான் ஜினசேனாசாரியர். அவர் தொடங்கிக் குணபத்திரர் நிறைவு செய்த மகாபுராணத்தின் வழியே தோன்றியதுதான் தமிழ்ச் சமணர் இல்லங்களில் ஓதப்படும் ஸ்ரீபுராணம். கன்னட மொழியின் பழம்பெரும் நூலான கவிராஜமார்க்கமும் அவ்வரசவையில் பிறந்ததே. மகாவீராசாரியரோ தம் ஊரையும் பெற்றோரையும் தம் நூலில் ஓரிடத்தும் குறித்தாரில்லை. மன்னரைத் தொடக்கத்தில் வாழ்த்தியவர், தம்மைப் பற்றி வாய் திறவாதிருந்தார். ஆதலின் அவர் வரலாற்றை அவருடைய நூலிலேயே தேட வேண்டியுள்ளது.

ஏறத்தாழ 850இல் வடமொழிச் செய்யுளில் எழுந்த அந்நூல் கணிதசாரசங்கிரகம். ஒன்பது இயல்களும் ஆயிரத்து நூற்றுக்கு மேற்பட்ட செய்யுட்களும் கொண்டது. எண்ணறிவு என்னும் விளக்கால் உலகனைத்தையும் விளங்கச் செய்தவர் என்று மகாவீரப் பெருமானை வணங்கி நூல் தொடங்குகிறது. இசைக்கும் மருத்துவத்திற்கும் கட்டடக் கலைக்கும் யாப்பிற்கும், ஏன், அடுக்களைச் சமையலுக்குங்கூடக் கணிதம் வேண்டும் என்பது ஆசிரியர் கருத்து. வானநூலுக்குத் துணைக்கருவியாக மட்டும் கணிதம் எழுதப்பட்டு வந்த நிலையில், கணிதத்திற்கென்றே ஒரு முழு நூலை யாத்தமை பெருஞ்செயலாகும்.

வடிவியலைக் கூறும் க்ஷேத்திரகணித இயலில் முதற்கண் பெயர்களும் பாகுபாடும் அமைகின்றன. மூன்று பக்கமும் ஒத்தது, இரண்டு ஒத்தது, ஒன்றும் ஒவ்வாதது என முக்கோணம் மூவகை. நாற்கரம் ஐவகை. வட்டமோ எண்வகை: முழுவட்டமும் அரைவட்டமும் மட்டுமன்றி, நீள்வட்டம், சங்கு வடிவம், குழிந்தது, குவிந்தது, வெளிவளையம், உள்வளையம் ஆகியவும் அதனுள் அடங்கும். வாற்கோதுமை மணி, முழவு, யானைத் தந்தம் போன்ற வடிவங்களுக்கும் அவர் பரப்பளவு காண்கிறார். கண்ணால் கண்ட பொருளிலிருந்து வடிவத்திற்குப் பெயர் சூட்டிய அந்நயம் இன்றைய பாடநூல்களில் இல்லாதது ஒரு குறையே.

ஒவ்வொரு வடிவத்திற்கும் அவர் இருவகை விடை தருகிறார். நடைமுறைக்குப் போதுமான தோராய விடை ஒன்று. நுண்ணிய விடை மற்றொன்று. 13, 14, 15 அளவுள்ள பக்கங்களைக் கொண்ட முக்கோணத்தைக் கருதுவோம். இரு பக்கங்களின் கூட்டுத்தொகையில் பாதியை, அடிப்பக்கமாகிய 14இன் பாதியால் பெருக்கினால் 98 வரும்; இது தோராயம். பக்கங்களின் கூட்டுத்தொகையில் பாதியாகிய 21இலிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் கழித்து, வரும் 8, 7, 6 ஆகியவற்றையும் அந்த 21ஐயும் பெருக்கி, வர்க்கமூலம் கண்டால் 84 வரும். இதுவே உண்மையான பரப்பளவு. வட்டத்தின் சுற்றளவு தோராயமாக விட்டத்தின் மும்மடங்கு. நுண்மையாக, விட்டத்தைப் பத்தின் வர்க்கமூலத்தால் பெருக்கி வருவது. விட்டம் 10 எனின் முன்னது 30, பின்னது 31.62, இன்றைய கணக்கில் 31.42. பத்தின் வர்க்கமூலம் சமண ஆகமங்களில் வழிவழி வந்தது. இலட்சம் யோசனை விட்டமுடைய ஜம்புத்வீபத்தின் சுற்றளவு 3,16,227 யோசனைக்குச் சற்று மிகுதி என ஆகமங்கள் கூறுவதும் அவ்விதியாலேயே. தோராயத்தைத் தோராயம் என்றே சொல்லிக் கொடுத்த நேர்மை ஆசிரியர்க்குரிய நேர்மையாகும்.

நீள்வட்டத்தில் அவர் வென்றதும் தோற்றதும் ஒருங்கே காணப்படுகின்றன. நெடிய விட்டத்தின் வர்க்கத்தை நான்காலும் குறுகிய விட்டத்தின் வர்க்கத்தை ஆறாலும் பெருக்கிக் கூட்டி, அதன் வர்க்கமூலத்தைச் சுற்றளவு என்றார். விட்டங்கள் 20, 10 எனின் இவ்விதி 46.9 தரும், உண்மை அளவு 48.4. எளிய சூத்திரம் எதற்கும் முற்றாக வசப்படாத அச்சுற்றளவை அவர் இவ்வளவு நெருங்கியது வியப்புக்குரியது. ஆனால் எளிதாயிருந்த பரப்பளவில் பிழை நேர்ந்தது. சுற்றளவை விட்டத்தின் கால்பங்கால் பெருக்கும் வட்ட விதியை, குறுகிய விட்டத்தைக் கொண்டு நீள்வட்டத்திற்கும் பொருத்திவிட்டார். அதனால் 157 வரவேண்டிய இடத்தில் 117 வருகிறது. இப்பிழையை மறைத்துப் புகழ்வோர் அவருக்கு நன்மை செய்தவராகார். வேறு துணையின்றிப் புதுவழி நடந்தவர் இடறிய இடம் அது.

இரண்டு எண்களை வித்தாகக் கொண்டு செங்கோண வடிவங்களைப் பிறப்பிக்கும் முறையும் அவர் நூலில் உண்டு. 2, 1 என்னும் வித்துகளின் வர்க்க வேறுபாடு 3. பெருக்கலின் இருமடங்கு 4. வர்க்கங்களின் கூட்டுத்தொகை 5. மூன்றும் செங்கோண முக்கோணத்தின் பக்கங்களாகும். 3, 2 என்னும் வித்துகள் 5, 12, 13 என்பனவற்றைத் தரும். பேய்க்கும் எளிதில் விடை அகப்படாது என்பது போலப் பைசாசிகம் எனப் பெயரிட்ட பகுதியில், பரப்பளவும் சுற்றளவும் எண்ணால் ஒத்துவரும் வடிவங்களைத் தேடச் சொல்கிறார். பக்கம் 4 உடைய சதுரத்தில் இரண்டும் 16. 6, 3 பக்கங்களுடைய செவ்வகத்தில் இரண்டும் 18. வீட்டுப் பிள்ளைகள் கையில் தாளும் எழுதுகோலும் கொடுத்து முயலச் சொல்லத்தக்க கணக்கு இது.

பதினோராம் நூற்றாண்டில் பாவுலூரி மல்லனர் இந்நூலைத் தெலுங்கில் செய்தார். பின்னர் ஓலைச்சுவடிகளிலேயே நெடுங்காலம் கிடந்த மூலத்தை, சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் எம். ரங்காசாரியார் பல படிகளை ஒப்பிட்டு, ஆங்கில மொழிபெயர்ப்புடன் பதிப்பித்தார். அமெரிக்கக் கணித வரலாற்றறிஞர் டேவிட் யூஜின் ஸ்மித்தின் முன்னுரையோடு 1912ஆம் ஆண்டு சென்னை அரசினர் அச்சகத்தில் அது நூலாக வெளிவந்தது.