சிரிக்க வைத்தவர் அழுத கதை

ஜே.பி. சந்திரபாபு என்ற பெயர் உங்களில் சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் அவர் பாட்டைக் கேட்காதவர்கள் இருக்க மாட்டீர்கள். எங்கள் தொப்பம்பட்டி டீக்கடையில் இன்றைக்கும் அவர் பாட்டு வந்தால் பெரியவர்கள் பெஞ்சில் தாளம் போடுவார்கள். சிரிப்பு நடிகர் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். வாழ்க்கையைப் படித்த பிறகுதான் அந்தச் சிரிப்பின் விலை புரிந்தது.

1927-ல் தூத்துக்குடியில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். பனிமய மாதா பெயரால் ஜோசப் பனிமயதாஸ் என்று பெயர் வைத்தார்கள். அப்பா சுதந்திரப் போராட்ட வீரர். அதனால் பிரிட்டிஷ் அரசு குடும்பத்தையே இலங்கைக்கு அனுப்பிவிட்டது. சின்ன வயசு அங்கேயே கழிந்தது. 1940-களில் சென்னைக்குத் திரும்பினார். 1947-ல் 'தன அமராவதி' படத்தில் ஒரு வேஷம் கிடைத்தது. ஆட்டம், பாட்டு, நடிப்பு எல்லாம் கையில் இருந்தும் ஸ்டுடியோ ஸ்டுடியோவாக அலைந்ததுதான் மிச்சம்.

1952. ஜெமினி அதிபர் எஸ்.எஸ். வாசனை எப்படியாவது பார்த்துவிட வேண்டும் என்று முயன்றார், முடியவில்லை. மனசு உடைந்து அந்த ஸ்டுடியோவிலேயே உயிரை விடத் துணிந்தார். நல்லவேளை, காப்பாற்றிவிட்டார்கள். தற்கொலை முயற்சி அன்று குற்றம். அதனால் போலீஸ், கோர்ட் என்று நிற்க வேண்டி வந்தது. ஆனால் அதே வருஷம் அதே ஜெமினியின் 'மூன்று பிள்ளைகள்' படத்தில் அவருக்கு வேஷம் கிடைத்தது!

அப்புறம்தான் நமக்குத் தெரிந்த சந்திரபாபு வருகிறார். 1958-ல் 'சபாஷ் மீனா'வில் இரட்டை வேஷம். அதில் ரிக்ஷாக்காரராக அவர் பேசிய மெட்ராஸ் பாஷையை யார் மறப்பார்கள்? 1960-ல் கண்ணதாசன் தயாரித்த 'கவலை இல்லாத மனிதன்' படத்தில் கதாநாயகன்.

கஷ்டம் அதோடு தீர்ந்துவிடவில்லை. எம்.ஜி.ஆரை வைத்து ஆரம்பித்த 'மாடி வீட்டு ஏழை' பாதியில் நின்றது. கடன் ஏறியது, வீடு போனது, குடியும் சேர்ந்துகொண்டது. அப்போதும் சும்மா இருக்கவில்லை. 1966-ல் 'தட்டுங்கள் திறக்கப்படும்' என்ற படத்தைத் தானே இயக்கி நடித்தார். அது பைபிள் வாசகம். வாழ்நாளெல்லாம் கதவு தட்டியவருக்கு வேறென்ன தலைப்பு தோன்றும்? 1974 மார்ச் 8-ம் தேதி, 46 வயதில் காலமானார்.

நண்பர்களே, எங்க வீட்டில் முதல்முதலாகப் படிக்க வந்தவன் நான். 'அரியர்' என்றால் என்ன என்று அம்மாவுக்கு விளக்கிச் சொல்லவே அரை மணி நேரம் ஆகும். நம்மில் பல பேர் இப்படித்தான். மனசு உடைந்தால் யாரிடம் சொல்வது என்று தெரியாது. 1952-ல் அந்த இளைஞர் போயிருந்தால் இந்தப் பாட்டு எதுவும் நமக்கு இல்லை. கதவு திறக்கச் சில மாதம்தான் பாக்கி இருந்தது, அது அவருக்குத் தெரியவில்லை.

அதனால் ஒன்று சொல்கிறேன். பக்கத்து பெஞ்சு நண்பன் இரண்டு நாள் பேசாமல் இருந்தால், நீங்களே போய் டீ குடிக்கக் கூப்பிடுங்கள். உங்களுக்கே அந்த நிலை வந்தால் கூச்சப்படாமல் ஒருவரிடம் வாய் திறந்து சொல்லுங்கள்.

– இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல்