எலா ஷெப்பர்டு அம்மையார்

நாம் தங்கிப் பயிலும் விடுதியின் சுவர்கள் எவர் பொருளால் எழுந்தன என்று நாம் எண்ணிப் பார்ப்பது அரிது. அமெரிக்காவில் டென்னசி மாகாணத்து நாஷ்வில் நகரிலுள்ள ஃபிஸ்க் கலாசாலையில் ஜூபிலி மண்டபம் என்னும் பெரிய விடுதி ஒன்று உண்டு. அது செல்வர் ஒருவர் கொடையால் எழுந்ததன்று; நம்மை ஒத்த வயதினரான மாணவர் சிலர் ஊரூராகவும் கடல் கடந்தும் சென்று பாடி ஈட்டிய பொருளால் எழுந்தது. அக்கூட்டத்திற்கு உயிர்நாடியாய் விளங்கியவர் எலா ஷெப்பர்டு அம்மையார். அவர்தம் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

எலா 1851-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் நாஷ்வில் நகரில் அடிமைக் குழந்தையாய்ப் பிறந்தார். தந்தை சைமன் ஓயாது உழைத்து, 1,800 டாலர் ஈட்டித் தம் விடுதலையை விலைகொடுத்துப் பெற்றவர். தாய் சாராவோ அடிமையாகவே இருந்தார். தம் மகளையே தம்மை வேவு பார்க்க எஜமானி பழக்குவதை அறிந்த அத்தாய், குழந்தையோடு நீரில் மூழ்கி மாளத் துணிந்தார். அக்குழந்தைக்கு ஆண்டவர் ஒரு பணியை வைத்திருக்கின்றார் என்று கூறி மூதாட்டி ஒருத்தி அவரைத் தடுத்தாள். பின்னர்த் தந்தை 350 டாலர் கொடுத்து மகளை மீட்டார். தாயை விற்கவோ எஜமானி இசையவில்லை. இங்ஙனம் தாயும் சேயும் பிரிந்தனர். சில ஆண்டுகளில் தந்தை கடன்பட்டார். விலைக்கு வாங்கிய மகளையும் சொத்தெனக் கருதிக் கடன்காரர் கைப்பற்றுவரோ என்றஞ்சி, அவர் குடும்பத்தோடு சின்சினாட்டி நகருக்குச் சென்றார்.

அங்கே எலா பியானோ பயின்றார். 1866-ஆம் ஆண்டில் தந்தை வாந்திபேதியால் இறக்கவே, வறுமை சூழ்ந்தது. வெள்ளையர் ஒருவர் இசை கற்பிக்க உடன்பட்டார். ஆயினும் இரவில், பின்வாயில் வழியே, பிறர் அறியாவண்ணம் வரவேண்டும் என்று விதித்தார். எலா அதற்கும் இசைந்து கற்றார். பின்னர்ச் சிறிது காலம் ஒரு பள்ளியில் ஆசிரியை வேலை பார்த்து, மிச்சம் பிடித்த ஆறு டாலருடன் 1868-இல் ஃபிஸ்க் கலாசாலையை அடைந்தார்.

அக்கலாசாலை, விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்கென மிஷனெரிமார் 1866-இல் தொடங்கியது. போர்க்காலத்துப் பழைய மரக்கட்டடங்களே வகுப்பறைகள். கடன் மிகுந்து கலாசாலையை மூடும் நிலை வந்தது. அப்பொழுது பொருளாளர் ஜார்ஜ் ஒயிட், மாணவர் ஒன்பதின்மரைச் சேர்த்துப் பாட்டுக் குழு அமைத்து, 1871-ஆம் ஆண்டு அக்டோபர் 6-ஆம் நாள் புறப்பட்டார். இருபது வயதினரான எலாவே பியானோ வாசிப்பவரும் பயிற்சி அளிப்பவரும் ஆனார்.

முதலில் அவர்கள் துயரையே கண்டனர். விடுதிகள் பல இடம் மறுத்தன. குளிருக்கேற்ற உடையும் இல்லை. எனினும் கிடைத்த சிறு தொகையைச் சிகாகோ நகரத் தீயால் வீடிழந்தோர்க்கே ஈந்தனர். அக்காலத்தில் அவர்கள் மேடையில் பெரிதும் பாடியவை வெள்ளையரின் பாடல்களே. தம் பெற்றோர் அடிமைக் களத்தில் பாடிய பாடல்களை அந்நியர் முன் பாட நாணினர். அவை கண்ணீரில் பிறந்த வழிபாட்டுப் பாடல்கள் ஆதலின், மேடையில் விலைபோகத் தக்கன அல்ல என்றும் எண்ணினர். ஆயின் நவம்பரில் ஓபர்லின் நகரில் கூடிய குருமார் பேரவையில் அவற்றுள் ஒன்றை மெல்லப் பாடிய அளவில் அவை முழுதும் அடங்கிற்று. அன்று முதல் அப்பாடல்களே அவர்தம் செல்வமாயின. எலா அவற்றைக் கேட்டுக் கேட்டு இசைக்குறிப்பில் எழுதினார்.

1873-ஆம் ஆண்டு வசந்தத்தில் குழுவினர் கப்பலேறி இங்கிலாந்து சேர்ந்தனர். ஷாஃப்ட்ஸ்பரி பிரபு ஆதரவு தந்தார். மே 7-ஆம் நாள் விக்டோரியா மகாராணியார் முன்னிலையில் பாடினர். பிரதம மந்திரி கிளாட்ஸ்டன் தம் இல்லத்திற்கு அழைத்து விருந்தளித்தார். ஆனால் பிரயாண வாழ்வு முழுதும் அரண்மனை வாழ்வன்று. இரவில் கச்சேரி, காலையில் இரயில், மாலையில் மற்றோர் ஊர் என நாட்கள் ஓடின. 1874-இல் கிளாஸ்கோ நகரில் ஒயிட்டின் மனைவியார் காய்ச்சலால் இறந்தார், ஒயிட்டும் நோயுற்றார். அவர் படுத்த காலங்களில் குழுவை நடத்தும் பொறுப்பு எலாவின் மெலிந்த தோள்மேல் விழுந்தது. அவ்வாண்டு அவர்கள் ஏறக்குறைய 50,000 டாலருடன் ஊர் திரும்பினர்.

1875-இல் மீண்டும் கடல் கடந்தனர். பிரிட்டன், ஹாலந்து, ஜெர்மனி ஆகிய நாடுகளில் மூன்றாண்டுகள் பாடித் திரிந்தனர். 1876-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் ஜூபிலி மண்டபம் பிரதிஷ்டை செய்யப்பட்டது. அவ்விழாவில் அதனை எழுப்பிய பாடகர் இல்லை. அவர்கள் அந்நிய நாட்டில் அடுத்த ஊருக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தனர். 1878-இல் ஜெர்மனியில் குழு கலைந்தபோது எலா உடல் மிக நலிந்திருந்தார். அவர்கள் ஈட்டியது மொத்தம் ஏறக்குறைய 150,000 டாலர். ஆயினும் அக்கலாசாலையில் படிப்பை முடித்துப் பட்டம் பெறும் பேறு எலாவுக்குக் கிட்டவில்லை.

போருக்குப்பின் அவர் தம் தாயைத் தேடிக் கண்டார்; பின்னாளில் வீடு கட்டி அவரைத் தம்முடன் வைத்துக்கொண்டார். 1882-இல் போதகர் ஜார்ஜ் மூரை மணந்து, ஏழைகளிடையே ஊழியம் செய்தும், ஃபிஸ்க் மாணவர்க்குப் பழம்பாடல்களைப் பயிற்றியும் வாழ்ந்து, 1914-இல் மறைந்தார்.

இவ்வரலாற்றைப் படித்த நாம் இரண்டு எண்ணங்களால் நெஞ்சம் கலங்கினோம். நம் தாயார் பாடிய தாலாட்டையும் நாற்று நடுவோர் பாட்டையும் கல்லூரி மேடையில் பாட நாம் நாணுவதில்லையா? பிறர் இழந்த படிப்பின் விலையாலன்றோ உலகில் பல கலாசாலைகள் நிற்கின்றன? பட்டம் பெறாத அவ்வம்மையார் கட்டிய வீட்டில் பட்டம் பெற்றோர் எண்ணிறந்தோர். பரீட்சைக்கு நடுவே ஒரு நாழிகையேனும், நம் விடுதிக்குக் கல் சுமந்தோரையும் காசு ஈந்தோரையும் நாம் நினைத்தல் தகும்.